பனிக்கு மேலே நிற்பதா, பனிக்குள்ளே நிற்பதா? பெங்களூரிலிருந்து ஒரு டிசம்பர் கணக்கு

மதுரையிலிருந்து அக்கா போன் செய்திருந்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் இருவர், அத்தான், அம்மா, அவள் என்று ஐந்து பேரும் பெங்களூர் வருகிறார்கள். டிசம்பர் 25 இரவு வந்து 30 காலை கிளம்புவார்கள். "மால் எல்லாம் மதுரையிலயே இருக்குடா தம்பி. பனியைக் காட்டு, அது போதும். அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை" என்றாள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. இந்த ஊருக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. நவம்பர் பிறந்துவிட்டால் அலாரம் இல்லாமலே 5 மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பேன். தொட்டி தெரியவில்லை என்றால் அன்றைக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனால் தனியாகக் கிளம்புவது வேறு, முட்டிவலி உள்ள அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புவது வேறு. அதனால் இந்த முறை எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி என்று உட்கார்ந்து யோசித்தேன். பெங்களூரில் இருந்துகொண்டு ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்குப் பனி காட்ட நினைக்கும் யாருக்கும் இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி, ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் வெள்ளையாக உறைவதும் பனி, மலைப்பாதையை மறைப்பதும் பனி. இங்கே கன்னடத்தில் மூடுபனிக்கு மஞ்சு என்பார்கள். நம் பழைய தமிழில் மஞ்சு என்றால் மேகம். இரண்டும் ஒரே பொருள்தான் என்று அறிவியலும் சொல்கிறது. தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மேகம்தான் மூடுபனி. வானிலைக்காரர்கள் கணக்கில், 1 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது மூடுபனி. தெரிந்தால் வெறும் மங்கல்.

அந்த வெள்ளைச் சுவரில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு தெரியுமா? சுமாரான மூடுபனியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.1 கிராம் போல இருக்கும். 10 அடி நீளம், அகலம், உயரம் உள்ள ஓர் அறை முழுக்கப் பனி நிறைந்திருந்தாலும், அத்தனையையும் திரட்டினால் அரை டீஸ்பூன் சொச்சம்தான் தேறும். அந்த அரை டீஸ்பூன் கோடிக்கணக்கான துளிகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி விடுவதால்தான் எதிர்வீடு மறைகிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு.

சரி, இடத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் பனி இரண்டு விதமாகப் பிறக்கிறது. எங்கே போவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஒன்று, தரையில் பிறக்கும் பனி. இரவில் வானம் தெளிவாக இருந்தால் பகலில் வாங்கிய சூட்டைத் தரை வேகமாக விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். மண்ணில் ஈரம் இருந்து, காற்று ஏறக்குறைய அசையாமல் நின்றால், அந்தக் காற்றிலுள்ள ஆவி நுண்ணிய துளிகளாக மாறும். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் மேலேயுள்ள உலர்ந்த காற்று வந்து கலந்து கலைத்துவிடும். துளிகூட அசையாவிட்டாலும் வெறும் பனித்துளியாகப் புல்லில் படிந்துவிடும். இலை லேசாக ஆடும் அளவுக்குக் காற்று வேண்டும். இந்தப் பனி விடியலுக்கு உரியது, வெயில் ஏறினால் போய்விடும். தேவனஹள்ளி விமான நிலையத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை விமானங்களைத் தாமதமாக்குவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று, மலை ஏறி வரும் பனி. ஈரக்காற்று மலைச்சரிவில் முட்டி மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது. ஆவி கலந்த காற்று, மேகமாக மாறும் வரை ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 டிகிரி அளவுக்குக் குளிரும். குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகத்துக்குள் நாம் நிற்கிறோம். இதற்குத் தெளிந்த வானமும் வேண்டாம், அசையாத காற்றும் வேண்டாம். சொல்லப்போனால் காற்று வீச வேண்டும். கொடைக்கானல், கோத்தகிரி, மடிக்கேரி, சிக்கமகளூர் எல்லாம் இந்தக் கணக்கு.

அத்தான் போனில் கேட்டதும் இதுதான். "பனிக்குத்தானே மாப்ள, எங்களுக்குக் கொடைக்கானல் மூணு மணி நேரம். எதுக்கு அங்க வரணும்?"

நியாயமான கேள்வி. கொடைக்கானலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தூண் பாறைக்கு எதிரே நிற்கும்போது, கீழிருந்து வெள்ளை எழும்பி வந்து பாறையை மூடி, இரண்டு நிமிஷத்தில் மறுபடி திறந்து காட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலைப் பனியில் பெரிய சௌகரியம் ஒன்றும் உண்டு. விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டாம். காலையில் பளிச்சென்று இருக்கும் மலை, வெயிலில் சரிவு சூடேறி அடிவாரத்து ஈரக்காற்றை மேலே இழுத்த பிறகு, மதியம் 2 மணிக்கோ 3 மணிக்கோ மூடிக்கொள்ளும். சாப்பிட்டுவிட்டு நிதானமாக வெளியே வந்து நின்றால் போதும். காலையில் எழ முடியாத பிள்ளைகளுக்கும், படி ஏற முடியாத பெரியவர்களுக்கும் மலைதான் வசதி.

மலைகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதும். அப்போது மடிக்கேரி, சிக்கமகளூரின் முள்ளய்யனகிரி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் எல்லாம் நாள்கணக்கில் மேகத்துக்குள் கிடக்கும். அட்டைக்கடிக்குப் பயப்படாதவர்கள் அப்போது போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று எதிர்ப் பக்கமிருந்து வரும். அப்போது நீலகிரியின் கிழக்குச் சரிவிலுள்ள குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் யோகம். ஒரே மலையில் மாதத்துக்கு ஏற்பப் பனி இடம் மாறி உட்காரும். நவம்பரில் கோத்தகிரியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றபோது, பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் ஒருவரும் தெரியவில்லை. அந்த மதியத்தை இன்னும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் டிசம்பர் கடைசி வாரம் மலைக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை. பெங்களூரிலிருந்து மடிக்கேரி சுமார் 265 கி.மீ. ஊட்டிக்கும் ஏறக்குறைய அதே தூரம். போவதற்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அந்த வாரத்தில் இந்த நகரமே மலையேறும். அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை பல மடங்கு. ஊட்டிக்குப் பந்திப்பூர் வழியாகப் போனால் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச்சாலை மூடியிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். ஏற்காடு, சேலம் வழியாக வருகிறவர்களுக்கு வழியில்தான் இருக்கிறது. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அக்காவின் சின்ன மகன் தாங்க மாட்டான், பழனி மலைப்பாதையிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆகவே பெங்களூரைச் சுற்றித்தான். இங்கே வந்தவுடன் எல்லோர் வாயிலும் வரும் பெயர் நந்தி மலை. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

நந்தி மலை ஊரிலிருந்து சுமார் 60 கி.மீ., உயரம் 1,478 மீட்டர். சுற்றியுள்ள சமவெளியைவிட 550 மீட்டர் போல உயர்ந்து நிற்கிறது. இந்த உயரம்தான் அதன் சிறப்பு. குளிர்கால இரவில் குளிர்ந்த காற்று கனமாகக் கீழே தங்கும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்காரும். பனியோ தாழ்ந்த மேகமோ அந்த மூடிக்குக் கீழேயே அடங்கிவிடும். அதன் மேல்விளிம்பு மலை உச்சிக்குக் கீழே நின்றுவிட்டால், மேலே நிற்கிற நமக்கு வெள்ளைக் கடல் ஒன்று தெரியும். சுற்றியிருக்கும் குன்றுகள் தீவுகள் போல அதில் நிற்கும். வெயில் முதுகுப் பக்கம் விழுந்து நம் நிழல் கீழேயுள்ள பனியில் படிந்தால், நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம் ஒன்று தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் அது தெரியும், நம் தலையைச் சுற்றி அல்ல. ஒரு ஜனவரியில் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றேன்.

நமக்கு இந்த மலையோடு இன்னொரு பந்தமும் உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது நந்தி மலையிலும் அதைச் சுற்றியுள்ள குன்றுகளிலும்தான். வாணியம்பாடியில் மணலாகப் பார்த்த ஆற்றின் தலைமாட்டில் நிற்கிறோம் என்று தெரிந்தால், அந்தப் பனியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

குறை என்ன என்றால், மூன்று காரியம் ஒன்றாகக் கூட வேண்டும். பனி இருக்க வேண்டும், அது நமக்குக் கீழே நிற்க வேண்டும், நாம் நேரத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்தில் போனால் மேகத்தின் விளிம்பு உச்சிக்கும் மேலே போய்விடும். அப்போது கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வெறும் வெள்ளை. அதுவும் ஓர் அழகுதான், ஆனால் வெள்ளைக் கடல் என்று கேட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போகும். மூன்றாவது காரியம்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கே கிளம்பி, மலையடிவாரத்தில் வண்டிகளின் வரிசையில் மாட்டி, வாகன விளக்குகளையே இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மேலே போனபோது மணி எட்டரை. வெயில் சுள்ளென்று இருந்தது. கீழே வயல்வெளி ஏக்கர் ஏக்கராகத் தெளிவாகத் தெரிந்தது. கூட வந்த நண்பனின் பெற்றோர் திருச்சியிலிருந்து இதற்காகவே வந்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு வார இறுதியில் நந்திக்கு யாரையும் கூட்டிப் போவதில்லை. வார நாளில், அதுவும் வாசல் திறக்கும் நேரத்தையும் தனியார் வண்டிகளுக்கு அனுமதி உண்டா என்பதையும் முதல் நாளே விசாரித்துக்கொண்டு போவதென்றால் மட்டும் சரி.

நந்திக்குப் பக்கத்து மலையான ஸ்கந்தகிரி இளைஞர்களுக்கு. முன்பதிவு செய்து, பாறைகளில் ஏறிப் போக வேண்டும். அம்மாவோடு பேச்சுக்கே இடமில்லை.

நகரத்துக்குள்ளேயே என்றால் லால்பாக், அல்சூர் ஏரி, ஹெப்பாள் ஏரி. லால்பாக் பாறையில், கெம்பேகௌடா கோபுரம் இருக்கிற மேட்டில், விடியலில் நின்றால் மரங்களின் தலைகளுக்கு நடுவே பனி நூல்நூலாக ஓடுவது தெரியும். ஏரிகளில் நடப்பது வேறு விஷயம். தண்ணீர் இரவில் தரையளவு குளிராது. அந்த வெதுவெதுப்பான நீரின் மேல் குளிர்ந்த காற்று படும்போது சுடுதண்ணீர் அண்டாவிலிருந்து ஆவி எழுவதுபோல எழும். நீர்க்கோழிகள் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளிவருவதைப் பிள்ளைகள் நிச்சயம் ரசிப்பார்கள். ஆனால் நகரத்துக்குள் கட்டடமும் தாரும் இரவெல்லாம் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால் பனி மெலிதாகத்தான் பிடிக்கும். வண்டிப்புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். போகியன்று காலையில் சென்னையில் இருந்தவர்களுக்கு, புகை கலந்த பனி நெஞ்சை என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம். அத்தனை மோசம் இங்கே இல்லை என்றாலும், இளைப்பு உள்ளவர்களை நகரப் பனியில் நெடுநேரம் நடக்க வைக்க மாட்டேன்.

இதையெல்லாம் எழுதி வைத்து, ஒரு வார நாளில் நந்தி மலை என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். அப்புறம்தான் அம்மாவிடம் பேசினேன்.

"அம்மா, பனின்னா உனக்கு எப்படிப் பார்க்கணும்?" என்று கேட்டேன். இத்தனை நாள் இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

அம்மா பிறந்தது சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால், நெல்வயல். "மார்கழியில விடிகாலைல எங்கப்பாவுக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போவேன். வரப்புல அக்கா முன்னால போவா. அவ இடுப்புக்கு மேல தெரியும், காலு தெரியாது. வெள்ளைத் துணி விரிச்சாப்புல இருக்கும். மிதந்து போற மாதிரி போவா. அதத்தான் ஒரு தடவை பார்க்கணும்டா" என்றார்.

எனக்குச் சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. தெளிந்த இரவில் காற்றில் எல்லாவற்றையும்விடக் குளிர்ந்த இடம் தரைதான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 1932-இல் எல்.ஏ.ராமதாஸ் தன் சகா ஆத்மநாதனோடு சேர்ந்து அது அப்படியில்லை என்று அளந்து சொன்னார். சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தவர் அவர். அசைவற்ற இரவுகளில் மிகக் குளிர்ந்த இடம் தரைக்கு ஒன்றிரண்டு சாண் மேலே இருக்கிறது என்பது அவர் கண்டது. முதலில் யாரும் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று அந்தக் குளிர்ந்த படலத்துக்கு உலகம் முழுக்க ராமதாஸ் அடுக்கு என்றே பெயர். பல பத்தாண்டுகள் கழித்து அது ஏன் உண்டாகிறது என்று விளக்க முயன்றவர்களில் முக்கியமானவர் இதே பெங்களூரில் வாழ்ந்த விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா. ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர் தேவனஹள்ளி விமான நிலையத்திலேயே கருவிகள் வைத்துப் பனி பிறப்பதை அளந்திருக்கிறார்கள். சோழவந்தான் வரப்பில் கஞ்சிச் சட்டியோடு நடந்த ஒரு சிறுமி, தன் அக்காவின் கால்களை மறைக்கப் பார்த்தது தரையை ஒட்டிய அந்த மெல்லிய குளிர்ப் படலத்தில் பிறந்த பனியைத்தான்.

இந்தப் பனியை மலையுச்சியில் பார்க்க முடியாது. மேலிருந்து பார்த்தால் அது கடல், அலை, தீவு. அம்மாவுக்கு வேண்டியது முழங்கால் அளவுத் துணி. அதற்குச் சமதரை வேண்டும், ஈர மண் வேண்டும், கட்டடம் இல்லாத வெளி வேண்டும், அதற்குள்ளே நடக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடம் ஹெசரகட்டா. நகரின் வடமேற்கே, மையத்திலிருந்து 30 கி.மீ.க்குள். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894-இல், பெங்களூருக்குக் குடிநீர் கொண்டுவர அர்க்காவதி ஆற்றில் அமைத்த ஏரி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரிய புல்வெளி. நகரத்துக்கு அருகே இவ்வளவு பரந்த புல்வெளி வேறு கிடையாது. 2024-இல்தான் அதைக் காப்பகமாக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. விடிவதற்குச் சற்று முன்னால் போய் நின்றால், முதலில் பள்ளமான இடங்களில் மட்டும் வெள்ளைக் கோடு தெரியும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தேங்குவதால் அப்படி. பிறகு அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று சேரும். முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறும். சூரியன் வந்ததும் கலைந்துவிடும் என்று நினைத்து நிறையப் பேர் கிளம்பிவிடுகிறார்கள், அது தவறு. முதல் வெயில் புல்லில் இருக்கும் பனித்துளியை ஆவியாக்கிக் காற்றை லேசாகக் கலக்கிவிடும்போது, பனி அரை மணி நேரம் இன்னும் அடர்ந்துவிடுவது உண்டு. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது 6:40 வாக்கில். ஆகவே 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், 8 வரை நிற்க வேண்டும்.

அங்கே போகிறவர்கள் தயவுசெய்து வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள். புல்லுக்குள் ஏற்றாதீர்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் அங்கே வாழ்கின்றன. சக்கரத்தடம் ஒருமுறை விழுந்தால் அந்தப் புல் மீள நெடுநாள் ஆகும். ஒற்றையடிப் பாதையில் நடந்தாலே போதும், பனி நம்மிடம் வந்துவிடும்.

ஹெசரகட்டா தவறினால் இரண்டாவதாக ஒன்று வைத்திருக்கிறேன். நந்தி மலைக்குத்தான் போவது, ஆனால் மேலே ஏறாமல் அடிவாரத்து போக நந்தீஸ்வரர் கோயிலோடு நின்றுவிடுவது. 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். பிறகு சோழர் காலத்து வேலையும் அதில் சேர்ந்தது. சமதரை, படிக்கட்டுகளோடு ஒரு குளம், சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும். மலைமேல் நிற்பவர்கள் கீழே பார்த்து வியக்கும் அந்த வெள்ளைக் கடலின் அடியில் இருக்கிறது அந்தக் கோயில். மேலே போகிற கூட்டம் இங்கே நிற்பதில்லை. அத்தானும் பெரிய பையனும் வேண்டுமானால் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இடத்தைவிட இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை என்று ஒரு மாதம் முன்பே முடிவு செய்து வைத்தால் பனி நமக்காகக் காத்திருக்காது. முதல் நாள் இரவு 10 மணிக்கு நான் பார்ப்பது நான்கு விஷயம். வானத்தில் நட்சத்திரம் தெரிகிறதா? மொட்டைமாடிக் கொடியில் போட்ட துணி ஆடாமல் தொங்குகிறதா? முந்தைய இரண்டு மூன்று நாளில் மழை பெய்து மண் நனைந்ததா? வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று வந்து, தமிழ்நாட்டையும் இந்த ஊரையும் நனைத்துவிட்டு விலகிய மறுநாள் இரவு வானம் தெளிந்தால், கண்ணை மூடிக்கொண்டு அலாரம் வைப்பேன். நான்காவது, விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு. பெங்களூருக்கு வி.ஓ.பி.எல். என்ற குறியீடு. அதில் வெப்பநிலையும் பனிப்புள்ளியும் 17/16 என்பதுபோல அருகருகே இருக்கும். ஆவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 2 டிகிரிக்குள் வந்துவிட்டால், விடிவதற்குள் அவை தொட்டுக்கொள்ள நல்ல வாய்ப்பு. அதே குறிப்பில் எஃப்.ஜி. என்ற இரண்டு எழுத்து வந்தால் மூடுபனி வந்தேவிட்டது.

வழியில் ஓட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, இதில் அலட்சியம் கூடாது. பனிக்குள் ஹைபீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்பைவிடக் குறைவாகத் தெரியும். லோபீம், பனிவிளக்கு, இடது ஓரத்து வெள்ளைக்கோடு, 30-ஐத் தாண்டாத வேகம். ஒன்றுமே தெரியாவிட்டால் சாலையை விட்டு முழுக்க இறங்கி நிறுத்திக் காத்திருப்பதுதான் சரி. பனி பார்க்கத்தான் போகிறோம், நின்ற இடத்திலும் அது பனிதான்.

அக்காவிடம் சொன்ன முடிவு இதுதான். 26 முதல் 29 வரை நான்கு விடியலையும் எதற்கும் ஒதுக்காமல் காலியாக வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இரவும் 10 மணிக்குப் பார்த்துச் சொல்வேன். கூடிவந்தால் 5 மணிக்குக் கிளம்பி ஹெசரகட்டா. வராவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். ஹெசரகட்டாவுக்கு இரண்டு நாள், அதுவும் தவறினால் ஒரு வார நாளில் நந்தி அடிவாரக் கோயில். மலைப் பனிக்கு அடுத்த நவம்பரில் நாம் எல்லோருமாகக் கோத்தகிரி போவோம், அத்தான் வருத்தப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டு ஓனர் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கன்னடக்காரர். பனி இறங்கினால்தான் அவரேகாய்க்கு, அதாவது நம் மொச்சைக்கு, அந்த வாசனை வரும் என்பார், அந்த வாசனைக்குச் சொகடு என்று தனிப்பெயரே இந்த ஊரில் உண்டு. விருந்தாளிகள் வரும் வாரம் அவரேகாய்ச் சாறு வைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் டிசம்பர் கடைசியில் விடிகாலை 15 டிகிரி வாக்கில் இருக்கும், மதுரைக்காரர்களுக்கு அது நல்ல குளிர். அதனால் ஆளுக்கொரு ஸ்வெட்டர், காதை மூடும் மப்ளர், ஈரப்புல்லில் நடக்க ஷூ, ஒரு பெரிய பிளாஸ்க் நிறையச் சுக்குக் காபி.

"ஷூவெல்லாம் எனக்கு வேணாம்டா, செருப்பு போதும்" என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அக்காவ முன்னால நடக்கச் சொல்லு. நான் பின்னால வர்றேன்" என்றார்.